மூன்றில் ஒரு பங்காக நான் சுருக்கிய கடிதம்

அண்ணே, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் முதலாளியிடம் வேண்டாம், ஷெட்டில் உன்னோடு தங்கியிருக்கும் டிரைவர்களிடமும் வேண்டாம். முக்கியமாக அப்பாவுக்குத் தெரியவே கூடாது. படித்துவிட்டுக் கிழித்துப் போடு. ஆனால் கிழிப்பதற்கு முன்னால், இந்தப் பத்தியை முடித்ததும் எழுந்து லாரிக்குப் போ. பின்சக்கரங்களில் மாட்டியிருக்கிற ஆயிரம் நம்பர் டயர் நான்கிலும் காற்றை முழுவதும் இறக்கிவிடு. டயரைப் பூட்டும் இரும்பு ரிங் கிடைக்காமல் வேறொரு லாரியின் ரிங்கைப் போட்டுச் சமாளித்ததாக எழுதியிருக்கிறாயே, அந்தச் சக்கரத்துக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதே. ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டி இறக்கு. துளிக் காற்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு வந்து உட்கார்ந்து மீதியைப் படி. நான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

ஆயிரம் டயரைப் போடச் சொன்னது அப்பா இல்லை. நான்தான்.

இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பா வாசலில் கட்டிலில் படுத்திருக்கிறார். அவர் புரளும்போது கட்டில் கயிறு முனகுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிடுகிறேன், நின்றதும் எடுக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். சிவகிரியில் உன் முதலாளிக்கும் இன்னொரு லாரிக்காரருக்கும் பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காலி லாரிகள் இரண்டும் நேர் ரோட்டில் இரண்டு பர்லாங் ஓட வேண்டும், நம் லாரியை நான் ஓட்டுகிறேன், ஜெயித்தால் புது லாரியின் ஸ்டீயரிங் எனக்குத்தான் என்று எழுதியிருந்தாய். ‘இப்போது பின்னால் இருப்பது தொள்ளாயிரம் டயர். ஷெட்டில் ஆயிரம் ஒரு செட்டும், தேய்ந்துபோன எண்ணூற்று இருபத்தைந்து ஒரு செட்டும் கிடக்கின்றன. எதைப் போடலாம் என்று அப்பாவிடம் கேட்டு எழுது’ என்று முடித்திருந்தாய். எண் கூடினால் டயரின் உயரமும் பருமனும் கூடும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் அப்பா முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடிதம் சொல்ல அவர் சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. “ஏட்டி, இன்லண்டு லெட்டர எடு. இன்னைக்கு நெறைய இருக்கு, பொடி எழுத்தா எழுது” என்றார். நான் ‘அன்பு மகனுக்கு’ என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு அவர் பேசியதில் மூன்றில் ஒரு பங்குகூட உனக்கு வந்து சேரவில்லை. இப்போது அதை நினைவிலிருந்து அவர் சொன்னபடியே எழுதுகிறேன். இது அவர் உனக்கு எழுதிய கடிதம். என்னுடையது என்று நினைத்துப் படிக்காதே.

“ஏலே மக்கா, ரேசுக்குப் போகாதன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல. உன் வயசுல எனக்கும் நெறைய பேரு சொன்னாங்க, நான் கேக்கல. அதனால போறவனுக்குச் சொல்லுத மாதிரியே சொல்லுதேன். மொதல்ல தூரத்தப் பாரு, பெறவு டயரப் பாரு. மதுரைக்குப் போறதுன்னா பெரிய டயரு நல்லதுதான், ஒரு சுத்துக்கு அர சாண் கூட ஓடும். நீ போறது ரெண்டு பர்லாங்கு. அதுல ஓட்டம் கொஞ்சம், கெளப்பந்தான் ஜாஸ்தி. நிக்கிற வண்டிய எவன் முன்னால பெயத்து எடுக்கானோ அவன் ஜெயிச்சான். பெரிய சக்கரத்தப் பெயத்து எடுக்க இஞ்சினு தம் கட்டணும். சின்ன சக்கரம்னா படக்குன்னு பிடிச்சுக்கிடும்.”

இங்கேதான் நான் குறுக்கே புகுந்தேன். வட்டத்தின் சுற்றளவு எங்களுக்குப் பாடம். ஆரம் கூடினால் சுற்றளவு கூடும், சுற்றளவு கூடினால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், அதனால் ஆயிரம்தான் முந்தும் என்று தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டே காட்டினேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வட்டம் நல்லாப் போட்டிருக்க. இத யாரு தள்ளுவா, உங்க கணக்கு டீச்சரா?” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது போலிருக்கிறது. உடனே தணிந்து, “கோவப்படாதட்டி. மேலரத வீதில பயலுவ சைக்கிள் விடுததப் பாத்திருக்கல்லா? அரை சைக்கிள்காரன் மொதல் மூணு வீட்டுக்கு முன்னால போயிருவான். பெரிய சைக்கிள்காரன் கோயில் வாசல் வந்த பெறவுதான் அவனப் பிடிப்பான். உங்க அண்ணன் ஓட்டம் மூணு வீட்டோட முடிஞ்சிரும்” என்றார். அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் டீச்சரை இழுத்துச் சிரித்தது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. கணக்கில் நூறு வாங்குகிறவள் சொன்னதைக் கைநாட்டு வைப்பவர் சிரிக்கிறாரே என்று நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. அப்படித்தான் நினைத்தேன், அண்ணே.

அவர் தொடர்ந்து சொன்னார். “எண்ணூத்தி இருபத்தஞ்சு போடு. தொள்ளாயிரம் டயரு இருந்த அதே இரும்பு டிஸ்குல அது உக்காரும். டயரு பட்டன் தேஞ்சு வழவழன்னு இருக்கேன்னு யோசிக்காத, காஞ்ச தார் ரோட்டுல புது டயர விட அதுதான் ஒட்டிப் பிடிக்கும். உள் நூல் வெளிய தெரியுத டயரு மட்டும் ஆகாது. பாடி காலியா இருந்தா பின்சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும், அதனால மணல் மூட்ட பத்து ஏத்திக்க, பின் அச்சுக்கு நேர் மேல வரிசையா. முன்னால காத்து கெட்டியா இருக்கட்டும், பின்னால ஒரு பிடி கம்மியா. ரேசு முடிஞ்ச ஒடனே மறக்காம ஏத்திரு. பின்னால ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயரு ஜோடியா நிக்கில்லா, அந்த ஜோடி ஒரே ஒசரமா இருக்கணும். ஒண்ணு ஒசந்து ஒண்ணு தாந்துச்சுன்னா ஒசந்தவன் தலையில மொத்த பாரமும் விழும், தாந்தவன் சும்மா ரோட்டத் தேச்சுக்கிட்டே வருவான். ரெண்டு பேருக்கும் கேடு. நூலப் பிடிச்சுப் பாரு. உனக்குப் பாக்கத் தெரியும்.”

நூலைப் பிடித்துப் பார்ப்பது உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா டயர் மாட்டும் நாளில் அம்மாவின் ராட்டையிலிருந்து நான் நூலை அறுத்துக்கொண்டு ஓடுவேன். டயரை ஒரு சுற்றுச் சுற்றி, சேருகிற இடத்தில் நீ முடிச்சுப் போடுவாய். அடுத்த டயருக்கும் அதே நூல். முடிச்சு பொருந்தாவிட்டால் அந்த ஜோடியை அப்பா தொட மாட்டார். தறிக்காரர்கள் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, லாரிக்குச் சேல நெய்யப் போறீயளா?” என்று கேட்பார்கள். “ஆமா வே, பாவு நீரு ஓட்டுதீரா?” என்பார் அப்பா. அதே சிவப்பு நூலில் ஒரு நீளம் இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைக்கிறேன். எண்ணூற்று இருபத்தைந்து டயரைச் சுற்றி வர அது போதும்.

“ஆயிரத்த மட்டும் தொடாத. அதுக்கு டிஸ்கு அகலம் வேற. தொள்ளாயிரம் டிஸ்குல அதத் திணிச்சா வயிறு பிதுங்கி நிக்கும். ஜோடியா நிக்கும்போது ரெண்டு வயிறும் உரசும். உரசுனா சூடு, சூடு ஏறுனா வெடிப்பு. அத மாட்டுதேன்னு டிஸ்கு தேடி ரிங்கு தேடி அலைவ. ஒரு டிஸ்குக்கு உள்ள ரிங்கு இன்னொரு டிஸ்குக்குச் சேராது. சேந்த மாதிரி இருக்கும். அந்த மாதிரிங்கிறதுலதான் எமன் உக்காந்திருக்கான்.”

கடிதம் முடிந்தது என்று நினைத்துப் பேனா மூடியைத் திருகப் போனேன். “ஏட்டி, இரு. இனிமேதான் சேதி. இத ஒண்ணையும் விடாம எழுது” என்றார். வலது கையை மடியில் வைத்து, விரல்கள் இருந்த இடத்தை இடது கையால் தடவிக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மக்கா, நீ பத்தாவது முடிச்ச வருசம் நானும் ஒருத்தனோட ரேசு விட்டேன். உங்கம்மைக்குக்கூடத் தெரியாது. கரிவலம் ரோட்டுல, பாலத்துல இருந்து மைல்கல்லு வரைக்கும். பெரிசுதான் ஜெயிக்கும்னு நானும் ஆயிரம் டயருதான் மாட்டுனேன். பக்கத்து வண்டி பாலத்த விட்டுப் போன பெறவுதான் என் வண்டி நகந்துச்சு. எல்லாரும் சிரிச்சானுவ. ஆத்திரத்தோட கழத்திப் பழைய டயரப் போட்டேன், அதுல ரிங்கு மாறிப்போச்சு. ஒண்ணு உக்காரல. மாறுனது எனக்குத் தெரியும். தேடி எடுக்கப் பொறுமை இல்ல. சுத்தியலால நாலு தட்டு தட்டுனேன், உக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். அடுத்த வாரம் அந்தச் சக்கரந்தான் பஞ்சராச்சு. நீ லீவுன்னு கூட வந்திருந்த. பஞ்சரு ஒட்டி நீதான் ரிங்கப் போட்ட. நீ போட்டதுல தப்பே இல்ல மக்கா. அது அந்த டிஸ்கோட ரிங்கே இல்ல. நான்தான் காத்துப் பிடிச்சேன். எனக்குத் தெரியும், தெரிஞ்சும் மறந்துட்டேன். அது தெறிச்சுது.

“ஆஸ்பத்திரில எவனோ ஒருத்தன், பய ரிங்க ஒழுங்கா மாட்டலன்னு சொன்னான். நீ கட்டிலோரத்துல நின்ன. நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். வலியில சொல்லலன்னு வச்சுக்கிடலாம். மறு வாரம் வலி இல்லயே, மறு மாசம் இல்லயே. ஊர்ல ரேசு விட்ட கத வெளிய வந்துருமேன்னு வாய மூடிக்கிட்டேன். நீ படிப்ப விட்டுட்டு சிவகிரிக்குப் போன. ஆடித்தபசுக்கு வருத, சாப்பிடுத, கடைசி பஸ்ஸுக்கு ஓடிருத. ஒரு ராத்திரி தங்குனதில்ல. என் கைய நீ பாக்கவே மாட்டேங்க. அஞ்சு வருசமா உன் தலையில என் பாரத்த ஏத்திவச்சுட்டு நான் தாந்த டயரு மாதிரி சும்மா உருண்டுக்கிட்டு வாரேன். எனக்கு வயசாகிக்கிட்டுப் போவுது. இத நேர்ல சொல்ல வாய் வரல. படிச்சுட்டு நீ என்ன வேணும்னாலும் ஏசு. ஆனா ஒரு வரி எழுது.”

இவ்வளவும் அப்பா சொன்னது. இதில் நான் எழுதியது என்ன தெரியுமா? ‘உடம்பைப் பார்த்துக்கொள். தூரத்தைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடு. ஆயிரம் டயரே போடு. ஜோடி ஒரே உயரமாக இருக்கட்டும். மணல் மூட்டை பத்து ஏற்று. பழையதை நினைத்துக்கொண்டிருக்காதே. ஒரு வரி எழுது.’ தமிழ்த் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக என்பார்கள். எடுத்துக்காட்டுகளை விட வேண்டும், சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது, கருத்து மட்டும் நிற்க வேண்டும். அதில் எங்கள் வகுப்பில் நான்தான் முதல். இன்லண்டில் இடம் இல்லை, அதனால் சுருக்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது. மடிக்கிற பக்கம் முழுக்க வெள்ளையாகத்தான் உன்னிடம் வந்திருக்கும்.

உண்மை இதுதான். டயர் விஷயத்தில் என் கணக்குச் சரி என்று காட்ட ஆசைப்பட்டேன். நீ ஜெயித்து வந்ததும், ஆயிரம் போடச் சொன்னது நான்தான் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ரிங் விஷயத்தில் பயந்தேன். அப்பா உன்மேல் பழி விழ விட்டது தெரிந்தால் ஆடித்தபசுக்கு வருகிற அந்த ஒரு பகலும் நீ வரமாட்டாய் என்று பயந்தேன். வீட்டில் மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிடும்போது உன் தட்டு இருந்த இடத்தை அம்மா காலியாகவே விடுவாள். அந்த இடம் எப்போதுமே அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தேன். அப்பா “படிச்சுக் காட்டு” என்றார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. அதனால்தான் இப்போதும் எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவர் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு நான் எழுதாத கடிதத்தின் கீழே ரேகை வைத்தார்.

இன்று மத்தியானம் உன் கார்டு வந்தது. ‘அப்பா சொன்னபடி ஆயிரம் மாட்டியாயிற்று. டிஸ்க் நான்கு தேடிப் பிடித்தோம். ஒன்றுக்கு மட்டும் ரிங் கிடைக்கவில்லை, பழைய லாரி ஒன்றில் இருந்ததைப் போட்டோம். சுத்தியலால் நாலு தட்டு தட்டியதும் உட்கார்ந்துவிட்டது.’ நாலு தட்டு என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவின் வாயிலிருந்து வந்த அதே சொல், அண்ணே. நீ அவர் வீட்டுப் பிள்ளைதான்.

அப்பா தறிப்பட்டறை வேலை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார். “கார்டு வந்துச்சாம்லா, என்ன எழுதியிருக்கான்?”

“ரேசு தள்ளிப் போச்சாம்ப்பா.”

“டயரு?”

“அதப் பத்தி எதுவும் இல்ல.”

“அந்தக் கடைசி சேதிக்கு?”

“இல்லப்பா.”

அவர் தலையை ஆட்டினார். “சொல்ல மாட்டான். எப்படிச் சொல்லுவான்” என்றார். தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் படுத்தார். நீ எல்லாம் தெரிந்துகொண்டும் வாய் திறக்காமல் இருக்கிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கோ எதுவுமே தெரியாது. நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அவர் தூங்கவில்லை. கயிறு முனகிக்கொண்டேதான் இருக்கிறது.

நாளை சனிக்கிழமை, மறுநாள் பந்தயம். சிவகிரிக்குப் போகிற முதல் பஸ்ஸின் டிரைவருக்கு அப்பாவைத் தெரியும், உன்னையும் தெரியும். வெள்ளெனப் போய் இதை அவர் கையில் கொடுத்து, உன் ஷெட்டு வாசலில் நிறுத்திக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். ஒருவேளை நாளை அவர் வராமல் வேறு டிரைவர் வந்தால்? அவர் கொடுத்தும் நீ லோடுக்குப் போயிருந்தால்? நாளைக்கே ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது உன்னை ஏற்றிவிட்டால்? எப்படி யோசித்தாலும் ஏதோ ஓர் இடத்தில் அந்த ரிங் தெறிக்கிறது. ஒரே ஒரு வழியில்தான் தெறிக்கவில்லை. நான் இப்போதே எழுந்துபோய் அப்பாவிடம் சொன்னால், அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டார். இந்த ரோட்டில் எந்த லாரியைக் கைகாட்டினாலும் அவருக்காக நிற்கும். விடிவதற்குள் உன் முன்னால் நிற்பார். நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றாரே, அப்போது வந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் அதற்கு முதலில் நான் சொல்ல வேண்டும். அப்பா, நீங்கள் சொன்னதை நான் எழுதவில்லை என்று. ஐந்து வருடம் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் அவரைத் திட்டினேன். மூன்று வாரமாக நான் மட்டும் என்ன செய்தேன்? எழுந்து நின்றேன், திரும்ப உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பத்தி முடிந்ததும் எழுந்துவிடுவேன் என்று

அண்ணே, கட்டில் சத்தம் நின்றுவிட்டது. கதவை யாரோ தட்டுகிறார்கள். விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் இல்லை, மொத்தென்று உள்ளங்கையால் தட்டுவது. அப்பாதான். “ஏட்டி, இன்னுமா முழிச்சிருக்க? என்ன எழுதுத?” என்கிறார். நான் விளக்கை அணைக்கவில்லை. தாளையும் ஒளிக்கப் போவதில்லை, அவருக்கே படித்துக் காட்டப் போகிறேன். இதோ கதவைத்